கொலம்போவின் முதற்பெயர்

பீட்டர் ஃபாக் நடித்த அமெரிக்கத் துப்பறியும் தொடர் ‘கொலம்போ’, 1971 முதல் 1978 வரை என்பிசியிலும், 1989 முதல் 2003 வரை ஏபிசியிலும் ஒளிபரப்பானது. நாயகனின் முதற்பெயரை வசனத்தில் எங்கும் சொல்வதில்லை என்பது அதன் மரபு. ஆனால் எழுத்தில் அது தென்பட்டதுண்டு. 1971இல் வந்த ஓர் அத்தியாயத்தில் அவர் காட்டும் போலீஸ் அடையாள அட்டையில் ‘ஃபிராங்க்’ என்ற கையெழுத்து இருக்கிறது. நொடியில் மறையும் அது, காட்சியை நிறுத்திப் பார்க்கும் வசதி வந்தபின் ரசிகர்கள் கண்ணில் பட்டது.

இதற்கிடையே எழுத்தாளர் ஃபிரெட் வொர்த், தம் தகவல் களஞ்சியத்தை நகலெடுப்போரைப் பிடிக்க, கொலம்போவின் முதற்பெயராக ‘பிலிப்’ என்ற பொய்ப்பெயரை அதில் சேர்த்திருந்தார். ‘ட்ரிவியல் பர்சூட்’ விளையாட்டில் அதே பெயர் விடையாக வந்தது. 1984இல் அவர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். தகவல்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை.