ரூம்மேட்டின் ஊர்

ஹாஸ்டலில் நான்கு வருஷமும் என் ரூம்மேட் "எங்க ஊருக்கு ஒரு தடவை வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவன் ஊர் தரங்கம்பாடி. அரியர், பிராஜக்ட் என்று சாக்குச் சொல்லியே நான் டிகிரியை முடித்துவிட்டேன். போன தை மாதம்தான் ஒருவழியாக மயிலாடுதுறையில் பஸ் ஏறினேன். (அங்கிருந்து ஓடிய மீட்டர்கேஜ் ரயிலை 1986-லேயே நிறுத்திவிட்டார்கள்.)

"வண்டி வேணாம், நடந்தாத்தான் இந்த ஊர் தெரியும்" என்றான். 1792-ல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் கிங் ஸ்ட்ரீட் நேராகக் கடலுக்குப் போகிறது. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ல் டேனிஷ்காரர்களோடு ஒப்பந்தம் செய்து இடம் கொடுத்தார். டென்மார்க் மன்னருக்கு அவர் அனுப்பிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறதாம். நாம் ஸ்கூலில் படித்ததெல்லாம் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் கதைதானே!

வழியில் 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயம். உள்ளே சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706-ல் கப்பலில் வந்து, சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் பழகியவர். ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்கள் பெரிசாக இருந்து காகிதத்தைத் தின்றன. இங்கேயே சின்ன எழுத்து வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதமும் செய்து பார்த்தார்கள். அந்த இடத்துக்கு இன்றும் கடுதாசிப்பட்டறை என்றுதான் பேர். அவர் இறந்தபோது வயது 36. என் வயசு! கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

டேனிஷ் கோட்டைக் கீழ்த்தளத்தில் கிடங்குகளும் சிறையும். கவர்னரோடு சண்டை வந்து சீகன்பால்குவையே நான்கு மாதம் இந்தக் கோட்டையில் அடைத்திருந்தார்கள். செங்கல், சுண்ணாம்பு வளைவுகளைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். 1845-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரமும் அங்கே போய்விட்டது.

கோட்டைக்கு அருகே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. "அப்பா சின்னப் பையனா இருந்தப்ப கரை அதோ அங்க இருந்துச்சாம்" என்று தண்ணீருக்குள் கை காட்டினான். 2004 சுனாமியில் அவன் வீடும் போனது. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். ஹாஸ்டலில் இதைப் பற்றி அவன் பேசியதேயில்லை, நானும் கேட்டதில்லை.

கரையில் கருங்கல் கொட்டியிருந்தது. "நீ சிவில்தானே, இது நிக்குமா?" என்று கேட்டான். கல் போட்ட இடத்தில் கரை நிற்கும், ஆனால் அலை கொண்டுவரும் மணல் தடைபட்டால் அடுத்த கரை அரிக்கும் என்று பாடத்தில் படித்ததைச் சொன்னேன். "அப்ப அடுத்த கரையில இருக்கறவன்?" என்றான். சொல்லத் தெரியவில்லை.

அவன் அம்மா மீன் குழம்போடு காத்திருந்தார்கள். "நாலு வருஷமா வர்றேன் வர்றேன்னு சொன்ன தம்பி நீங்கதானா?" என்றார்கள்.