ஒட்டும் ஓட்டமும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மிதிவண்டியும் வீட்டுப் பழுதுபார்ப்பும்



தோட்ட வரலாறு என்றதும் கப்பல், கங்காணி, லயம், கள்ளுக்கடை, கோயில், தொழிற்சங்கம் ஆகியவை நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றைப் பற்றி நூல்கள் உண்டு, ஆய்வேடுகளும் உண்டு. ஆனால் லயத்து வாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த மிதிவண்டியைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு. அதைப் பழுதுபார்த்து ஓடச் செய்த கைகளைப் பற்றிப் பேசியது அதனினும் குறைவு. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் எத்தனை இராத்தல் ரப்பர் என்பதற்குக் கணக்கு இருக்கும். ஒரு பால்மரத் தொழிலாளி விளக்கொளியில் டியூப்புக்கு ஒட்டுப் போட்டதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இருந்ததில்லை.

எழுதப்படாத அந்த அறிவே இன்றைய உரைக்குப் பொருள். தோட்டத்து மக்கள் தமக்கென உடைமையாக்கிக்கொண்ட முதல் பொறிகளுள் ஒன்று மிதிவண்டி. அதை வீட்டிலேயே செப்பனிடக் கற்றதே பல குடும்பங்களுக்கு முதல் தொழில்நுட்பக் கல்வியாக அமைந்தது. அந்தக் கல்வியின் தேவை எவ்வாறு எழுந்தது, அதன் பாடங்கள் எவை, இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது என்ன என்னும் மூன்று வினாக்களைக் காண்போம்.

1. பாலும் காற்றும்

மிதிவண்டியும் ரப்பர்த் தோட்டமும் ஒன்றையொன்று வளர்த்தவை. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் நிற்கும் என்பதை அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர் 1839இல் கண்டார். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன.

இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் அமைந்து, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் வெளிக்கொணர்ந்தார். 1888ஆம் ஆண்டு நம் கவனத்துக்கு உரியது. அவ்வாண்டில் பெல்ஃபாஸ்ட் நகரக் கால்நடை மருத்துவர் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். அதே ஆண்டில் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று, மரம் பட்டுப்போகாமல் பால் எடுக்கும் முறையைப் பின்னர் வகுத்தார். மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்பே, 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுந்த மிதிவண்டி மோகம் ரப்பரின் தேவையை உயர்த்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் காப்பித் தோட்டங்கள் பல ரப்பருக்கு மாறின. சிரம்பான், ரந்தாவ், லிங்கி, போர்ட்டிக்சன், தம்பின், பகாவ் வட்டாரங்களில் காடு திருத்தித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழர் பெருந்தொகையாக அழைத்துவரப்பட்டனர்.

மரத்திலிருந்து இறங்கிய பால் தாளாகிப் புகைக்கூடத்தில் உலர்ந்து கப்பலேறிச் சென்றது. அதில் ஒரு பகுதி டயராகவும் டியூப்பாகவும் திரும்பி வந்து சிரம்பான் கடைகளில் தொங்கியது. பாலை வெட்டிக் கொடுத்தவன் அதைக் காசு கொடுத்து வாங்கினான்.

2. தோட்டத்துக்குள் வந்த சக்கரம்

தோட்டத்தில் முதலில் மிதிவண்டி ஏறியவர்கள் கிராணிமார்களும் ஆசிரியர்களும் கங்காணிகளுமே. பால்வெட்டுத் தொழிலாளிக்கு அது எளிதில் கிட்டவில்லை. 1920களின் இறுதியில், எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில், இந்தியத் தொழிலாளர்க்கு வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை வீழ்ந்தபோது அதுவும் குறைக்கப்பட்டது. அந்தக் கூலியில் குடும்பமும் நடத்தி, ஊருக்கும் பணம் அனுப்பி, வண்டியும் வாங்குவது ஆண்டுக்கணக்கான சேமிப்பு. குறைந்த விலையில் ஜப்பானிய வண்டிகள் வந்த பிறகும், பழைய வண்டிகள் கைமாறத் தொடங்கிய பிறகுமே அது லயத்து வாசலை எட்டியது.

வண்டியின் தேவையைத் தொழிலே உணர்த்தியது. விடியலுக்கு முன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பிறகு, தமக்குரிய நிரைக்கு விரைய வேண்டும். வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். தாமதமாக வெட்டிய மரம் குறைவாகவே தரும். நிரை லயத்திலிருந்து இரண்டு மூன்று கல் தொலைவில் இருக்குமானால், நடப்பவனுக்கும் மிதிப்பவனுக்கும் இடையே ஏறத்தாழ அரை மணி நேர வேறுபாடு உண்டு. வெட்டு முடிந்தபின் பால் வாளிகளைப் பின்னிருக்கையின் இருபுறமும் தொங்கவிட்டு ஸ்டோருக்குக் கொண்டுவரவும் வண்டி உதவியது. காண்டாக் கம்பு தோளை அழுத்திய காலத்தை அறிந்தவர்க்கு அதன் அருமை விளங்கும்.

ஆகவே, விடியற்காலையில் காற்றிறங்கிக் கிடக்கும் சக்கரம் வெறும் தொல்லை அன்று. பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலையே போகலாம். பட்டணத்துக் கடையோ பல கல் தொலைவில். திறப்பதோ பொழுது விடிந்தபின். எனவே பழுதுபார்க்கும் அறிவு வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று.

3. டியூப் இல்லாத காலம்

1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. அதன் காலாட்படையினர் பெருந்தொகையினர் மிதிவண்டியில் வந்தனர். படைத்திட்டத்தை வகுத்தவர்களுள் ஒருவரான மசனோபு சுஜி தம் நினைவு நூலில் இதை விரிவாகக் கூறியுள்ளார். ஒவ்வொரு படைப்பிரிவிலும் வண்டி பழுதுபார்ப்பவர்கள் இருந்தனர். வெயிலின் சூட்டில் டயர்கள் வெடித்தபோது வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டிச் சென்றனர். அந்த ஓசை இரவில் பீரங்கி வண்டிகளின் ஓசைபோல் எதிரிக்குக் கேட்டதாம். போருக்கு முன்பே ஜப்பானிய வண்டிகள் இங்கு மிகுதியாக விற்கப்பட்டிருந்ததால் உதிரிப் பாகங்களுக்கும் குறைவில்லை. மக்களிடமிருந்து பறித்த வண்டிகளும் படையுடன் சென்றன.

இவ்வரலாற்றின் ஒரு பக்கம் நம் மாநில மண்ணிலேயே நிகழ்ந்தது. 1942 ஜனவரி 14ஆம் நாள், கிம்மாஸ் அருகே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படையின் 2/30ஆம் பட்டாளம் பதுங்கியிருந்தது. மிதிவண்டியில் வந்த ஜப்பானிய வீரர் சில நூறு பேர் பாலத்தைக் கடக்கும்வரை காத்திருந்து, பின்னர்ப் பாலத்தைத் தகர்த்துத் தாக்கியது. ஆயினும் படையெடுப்பு நிற்கவில்லை.

ஆட்சிக் காலத்தில் மலாயாவின் ரப்பர் ஏற்றுமதி முடங்கியது. மரம் நிறையப் பால் இருந்தது. வண்டிக்கு டியூப் கிடைக்கவில்லை. கச்சா ரப்பரைக் கொடுத்துச் செய்பொருளை வெளிநாட்டிலிருந்து பெற்றுவந்த பொருளாதாரத்தின் குறை அப்போது வெளிப்பட்டது. காற்றில்லாத கெட்டி ரப்பரைச் சக்கரத்தில் பொருத்தி மக்கள் ஓட்டினர். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்ட காலமும் அதுவே. ஒன்றைத் தூக்கி எறியாமல் மீண்டும் மீண்டும் செப்பனிடும் பழக்கத்தை அவ்வாண்டுகள் ஆழப்படுத்தின.

4. வாசலே பட்டறை

அந்தக் கல்வியின் பாடங்களைச் சற்று விரிவாகக் காண்போம்.

கருவிகள் மிகச் சில: காற்றடிக்கும் பம்பு, இரண்டு கரண்டிக் காம்புகள், திருகு சாவி ஒன்று, உப்புத்தாள், ஒட்டும் பசை, ஒரு தட்டு நீர். காற்று இறங்கினால் முதலில் வால்வு வாயில் எச்சில் தொட்டு வைப்பர். குமிழி எழுந்தால் குறை டியூப்பில் இல்லை. வால்வுக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் உறை நைந்துவிட்டது. அதை மாற்றினால் போதும். குமிழி எழாவிடில் கரண்டிக் காம்பால் டயரின் ஓரத்தை நெம்பி, டியூப்பை வெளியே எடுத்துக் காற்றடித்து நீரில் அமிழ்த்திப் பார்ப்பர். துளை தெரிந்த இடத்தை உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, பசையை மெல்லிதாகப் பூசுவர்.

இங்கேதான் பொறுமை தேவை. பசை என்பது எண்ணெய்க் கரைப்பானில் கரைத்த ரப்பர். கரைப்பான் ஆவியாகிப் போனபின்பே பிடிப்பு உண்டாகும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்து அழுத்தியவன் மறுநாள் காலையில் மீண்டும் தட்டை எடுக்க நேரும். பழைய டியூப்பிலிருந்து வட்டமாக வெட்டிய துண்டே பெரும்பாலும் ஒட்டாக அமைந்தது. மூலையுள்ள துண்டு மூலையிலிருந்து பெயரும், ஆதலால் வட்டம். டியூப்பை மீண்டும் ஏற்றுவதற்கு முன் டயரின் உட்புறத்தைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். முள்ளோ கம்பித் துண்டோ உள்ளே நிற்குமானால் ஒட்டுப் போட்டும் பயனில்லை. இப்பணி சிறுவர்களின் மெல்லிய விரல்களுக்கு ஏற்றது. வினையை மட்டுமன்றி வினையின் காரணத்தையும் தேடவேண்டும் என்பதை அவர்கள் இவ்வாறே கற்றனர்.

அடுத்தது சங்கிலி. செம்மண் சடக்கின் புழுதியும் மழைக்காலச் சேறும் அதன் பகைவர். மண்ணெண்ணெயால் கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்தபின் சிறிதே எண்ணெய் இடுவர். எண்ணெய் மிகுந்தால் புழுதி ஒட்டி அரம்போல் பல்லைத் தேய்த்துவிடும். சங்கிலியின் நடுப்பகுதியை அழுத்தினால் ஒரு விரற்கடை அளவு தாழ வேண்டும். மிகத் தளர்ந்தால் கழலும். மிக இறுகினால் மிதிப்பது கடினமாகும். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ என்று ஓசை கேட்டால், மிதிகட்டைத் தண்டைப் பிணைக்கும் ஆப்பு தளர்ந்துள்ளது என்று பொருள். வண்டியின் நோயைக் காதாலேயே அறிந்தவர்கள் பலர்.

சக்கரம் கோணினால் வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சுழற்றுவர். சுண்ணக்கட்டியைக் கவையில் ஊன்றிப் பிடித்தால் வளையம் எங்கே விலகுகிறதோ அங்கே கோடு விழும். அவ்விடத்தில் எதிர்ப்புறக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, இப்புறக் கம்பியைக் கால் திருகு தளர்த்துவர். ஒரேயடியாக இறுக்கினால் வேறிடத்தில் கோணும். இழுவிசைகளின் சமநிலை என்று இன்று இயற்பியல் வகுப்பில் நீங்கள் கற்பதை அவர்கள் கையால் அறிந்திருந்தனர்.

வீட்டில் இயலாதவையும் உண்டு. உடைந்த சட்டத்தைப் பற்றவைக்கவும், சக்கரத்தைப் புதிதாகப் பின்னவும் பட்டணத்துச் சீனர் கடைக்கே செல்ல வேண்டும். மலாயாவில் மிதிவண்டி வணிகத்திலும் பழுதுபார்ப்பிலும் ஹிங்ஹுவா, ஹொக்சியா சீனர் முன்னின்றனர். தமிழ்த் தொழிலாளியும் சீனக் கடைக்காரரும் சந்தை மலாயில் பேசிக்கொண்டனர். கடையில் கூர்ந்து பார்த்ததை வீட்டில் செய்து பார்த்தவர்களும் இருந்தனர். நம் நாட்டுத் தொழில் அறிவு இனங்களுக்கு இடையே கைமாறிய இடங்களுள் இக்கடையும் ஒன்று.

5. பள்ளிக்குச் சென்ற வண்டி

1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டத்து வாயில்களில் சோதனை நடந்தது. காட்டிலிருந்தோர்க்கு அரிசி சென்றுவிடாதபடி மிதிவண்டியின் உட்குழல்களும் ஆராயப்பட்டன. தோட்டத் துண்டாடலும் வந்தது. பெருந்தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட, வேலையும் வீடும் இழந்தோர் பலர். அருகிலிருந்த வேலை தொலைவுக்குப் போனபோது அதைத் தேடிச் செல்ல உதவியது மிதிவண்டி.

மற்றொரு பயணமும் தொடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. அப்பள்ளிகள் தொடக்கக் கல்வியோடு நின்றன. இடைநிலைக் கல்விக்குப் பட்டணம் செல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியை முடித்துப் புகுமுக வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளில் பலர் தந்தையின் பழைய வண்டியில் சென்றனர். முதல் நாள் இரவு தந்தை சோதித்துப் பார்த்த பிரேக்குக் கட்டையும், தாய் துடைத்து வைத்த விளக்கும் அப்பயணத்துக்குத் துணை. நம் மாநிலத்தில் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் ஓய்வு பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள்; அவர்களுள் பலரது கல்வி ஒட்டுப் போட்ட டியூப்பின் மேல் ஓடியது.

1970களில் ஹோண்டா மோட்டார் சைக்கிள்கள் தோட்டங்களில் பெருகின. ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. நீலாய், செண்டாயான் போன்ற இடங்களில் தோட்டங்கள் குடியிருப்பு நகரங்களாயின. மிதிவண்டி வாசலிலிருந்து வீட்டின் பின்புறத்துக்கும், அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்கும் சென்றது.

6. எஞ்சியிருக்கும் சொற்கள்

மொழி மன்றத்தில் பேசும்போது சொற்களைக் குறிப்பிடாமல் முடித்தல் முறையன்று. சக்கரம் பற்றிய தமிழ்ச் சொற்கள் பழமையானவை. மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதி குடம். அதிலிருந்து விரிபவை ஆரக்கால்கள். சுற்றிலும் அமைவது வட்டை. நடுவே ஊடுருவுவது அச்சு. சக்கரத்தின் கோணலுக்குப் பேச்சு வழக்கில் இன்றும் வழங்கும் ‘கோட்டம்’ திருக்குறளில் சொல்லின் கோணலுக்கு ஆளப்பட்ட சொல். ‘ஒட்டு’ என்பதோ, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலுக்கும் டியூப்பின் ஒட்டுக்கும் பொதுவாய் நிற்கிறது. பாடநூலில் மிதிவண்டியைப் பற்றி எழுதுவோர் இச்சொற்களை நாடலாம். டயர், டியூப், பம்பு ஆகியவையும் மூன்று தலைமுறை பேசி நம்முடையவையாகிவிட்டன. அவற்றை விலக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பருவத்தின் செயல்திட்டமாக, மாணவர்கள் தத்தம் தாத்தா பாட்டியரிடம் சென்று, தோட்டத்தில் வண்டி எவ்வாறு பழுதுபார்க்கப்பட்டது, என்ன கருவி, என்ன சொல், யார் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டு அவர்கள் பேச்சிலேயே எழுதிவரச் செய்யுங்கள். தோட்டத்தின் பெயரையும் ஏறத்தாழ ஆண்டையும் குறிக்கச் செய்யுங்கள். முடிந்தால் ஒரு பழைய டியூப்பை வகுப்புக்குக் கொண்டுவந்து, பெரியவர் ஒருவரைக்கொண்டு ஒட்டுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே, அவ்வாறு கேட்கச் செல்லும்போது சற்றுப் பொறுமையோடு செல்லுங்கள். “இதில் என்ன இருக்கிறது, எல்லாரும் செய்ததுதானே” என்றுதான் அவர்கள் முதலில் சொல்வார்கள். எல்லாரும் செய்தது என்பதனாலேயே யாரும் அதை எழுதி வைக்கவில்லை. அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அதை எழுதி வைப்போம்.