வண்டலூரில் நான்கு கதவு போட்டுக்கொண்ட கார்

நைனார்பாளையத்திலிருந்து சின்னசேலம் வந்து, சேலம் நெடுஞ்சாலையோரம் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் லேலண்ட் சேஸ் ஒன்று கடந்து போனாலும் போகும். கூண்டு இருக்காது, கதவு இருக்காது. இன்ஜின், சக்கரம், இரும்புச் சட்டம், நடுவில் தலைக்கவசம் போட்ட ஓட்டுநர், அவ்வளவுதான். பாடி கட்டுவதெல்லாம் நாமக்கல் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு. லாரிக்கும் பஸ்ஸுக்கும் இது வாடிக்கை. அதே முறையில் ஒரு குடும்பக் கார் செய்யவேண்டிய கட்டாயம் இங்கிலாந்தில் ஒரு கம்பெனிக்கு வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ஹெரால்ட்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி, தன் சிறிய கார்களுக்கான தகர உடலை பிஷர் அண்ட் லட்லோ என்ற ஆலையில் செய்து வாங்கிக்கொண்டிருந்தது. 1953இல் அந்த ஆலையை பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. பி.எம்.சி. என்றால் ஆஸ்டினும் மாரிஸும் சேர்ந்த கூட்டு. ஸ்டாண்டர்டுக்கு நேர்ப் போட்டியாளர். இருக்கிற ஒப்பந்தம் முடிந்ததும் புதிய காருக்கு உடல் அடித்துத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வியாபாரத்தில் இதைத் துரோகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த காரைப் பற்றிய யோசனை முழுக்க இந்த ஒரு மறுப்பைச் சுற்றியே நடந்தது.

அப்போது உலகமே சேஸ் இல்லாத காருக்கு மாறிக்கொண்டிருந்தது. உடலும் சட்டமும் ஒன்றாகவே வார்த்ததுபோல் இருக்கும்; எடை குறையும், முறுக்கம் தாங்கும். ஆனால் அதற்குப் பெரிய பெரிய அச்சுகளும் அழுத்த இயந்திரங்களும் வேண்டும். அவைதான் போட்டியாளர் கைக்குப் போய்விட்டனவே! தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் பழைய வழிக்குத் திரும்பினார். அடியில் தனியாக ஒரு சட்டம். மேலே உடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை லிவர்பூலில், இன்னொன்றை பர்மிங்காமில் என்று சின்ன ஆலைகளில் அடிக்கவைத்து, கவென்ட்ரியில் போல்ட் போட்டு இணைப்பது. ஊருக்கெல்லாம் பழசாகிப்போன முறை. ஆனால் அவருக்கு வேறு வழி இல்லை.

உருவம் கொடுத்தவர் இத்தாலியர், துரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. கம்பெனியின் சொந்த வரைவாளர்கள் போட்ட படங்கள் யாருக்கும் பிடிக்காமல் வேலை நின்றுபோயிருந்த நேரத்தில், 1957இல் வெப்ஸ்டர் துரினுக்கே போய் அவரைப் பார்த்தார். கூரான விளிம்புகள், மெல்லிய தூண்கள், அகலமான கண்ணாடி: மிக்கெலோட்டி வேகமாகவே வரைந்து கொடுத்துவிட்டார். கார் 1959 ஏப்ரலில், ஸ்டாண்டர்டின் கையிலிருந்த டிரையம்ப் என்ற பெயரையும் சேர்த்து, டிரையம்ப் ஹெரால்ட் என்று வெளிவந்தது. சில மாதங்களில் அதே பி.எம்.சி. தன் மினியை வெளியிட்டது. மினி எதிர்காலத்தைப் பார்த்த கார் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மினியின் இன்ஜினில் கைவைத்தவர்களுக்கு ஹெரால்டின் அருமை தெரியும்.

ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டு இரண்டும் சேர்த்து, ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். இன்ஜின், ரேடியேட்டர், முன் சக்கரத்து ஸ்பிரிங் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அடுத்தது அது திரும்பும் விதம். முன் சக்கரங்கள் மிக அதிகமாக மடங்கும் என்பதால் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். லண்டன் டாக்சிக்கு இணையான திருப்பம் அது. குறுகலான தெருவில் எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வந்து, இருக்கிற இடத்திலேயே வண்டியைத் திருப்பவேண்டியிருந்தால் இந்தக் கணக்கின் மதிப்பு புரியும்.

குறையும் இருந்தது. துண்டுகளை இணைத்த உடல் என்பதால் ஆரம்பகால வண்டிகளில் இடுக்கு வழியே மழைநீர் இறங்கியது. கடகடவென்று சத்தமும் வந்தது. அதைவிடப் பெரிய சிக்கல் பின்பக்கம். நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கவேண்டும் என்று விரும்பினார்கள். செலவையும் குறைக்க விரும்பினார்கள். அதனால் பின் ஆக்சிலின் இரண்டு கைகளுக்கும் உள்பக்கம் மட்டும் மூட்டு வைத்து, சக்கரம் இருக்கும் வெளிமுனையை மூட்டில்லாமல் விட்டார்கள். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரம் மேலே கீழே போகும்போதெல்லாம் சாய்ந்துகொண்டே போகும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை ஏறும் சாலையில் இந்த வண்டியைக் கொண்டுபோய், இறக்கத்து வளைவின் நடுவில் பயந்து பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். சக்கரம் உள்ளே மடங்கி வண்டி வால் வீசும். ஆள் நிறைய ஏற்றினால் இதற்கு நேர்மாறு: சக்கரங்களின் மேல்முனை உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேயும்.

இந்தக் கார்தான் 1961இல் சென்னைக்கு வந்தது. இங்கே அதைச் செய்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1948இல் தொடங்கிய கம்பெனி. வண்டலூர் ஆலையில் வேன்கார்ட், ஸ்டாண்டர்ட் 8, ஸ்டாண்டர்ட் 10 என்று வரிசையாகச் செய்துவந்தது. உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்வதாக உறுதி தருகிறவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று 1953இல் அரசு சொன்னபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மிஞ்சியவற்றில் காருக்குப் பேர்போனவை மூன்று: வங்காளத்தில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட்.

இங்கேதான் கவென்ட்ரியின் பழைய கட்டாயம் நமக்கு வசதியாக அமைந்தது என்று நினைக்கிறேன். பெரிய உடலை ஒரே வீச்சில் அடிக்கும் இயந்திரம் இல்லாத நாட்டில், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போடும் கார் எவ்வளவு பொருத்தம்! ஒவ்வொரு துண்டாக உள்நாட்டுக்குக் கொண்டுவந்து, 1966 வாக்கில் முழுவதும் இந்தியப் பாகங்களிலேயே ஹெரால்டைச் செய்துவிட்டார்கள். வண்டி எங்காவது இடித்துக்கொண்டால் அந்தத் துண்டைக் கழற்றி, டிங்கரிங் செய்து, திரும்ப மாட்டினால் போதும்.

கதவு விஷயமும் அப்படித்தான். இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கதவு இரண்டுதான். அங்கே கார்க்காரரே ஓட்டுவார். இங்கே அந்தக் காலத்தில் கார் வாங்கக்கூடிய டாக்டரோ மில் முதலாளியோ டிரைவர் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார்கள். முன்சீட்டை மடக்கி, குனிந்து, வளைந்து உள்ளே நுழைவதை எந்த முதலாளி விரும்புவார்? கல்யாணத்துக்குப் புறப்பட்ட பட்டுச்சேலைப் பாட்டிக்கு அது தண்டனை. உடல் தனி, சட்டம் தனி என்பதால் மாற்றிக்கட்ட இடமிருந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் வண்டலூர்க்காரர்கள் நான்கு கதவு போட்டார்கள். 1968இல் ஹெரால்டின் மார்க் 3 பதிப்பு வந்தது. நான்கு கதவு ஹெரால்டை ஆலையில் செய்தது உலகத்திலேயே இந்தியா மட்டும்தான்.

இன்ஜின் மட்டும் வளரவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்ட் 1147 சி.சி.க்கும் பிறகு 1296 சி.சி.க்கும் போனது. நாம் கடைசிவரை 948 சி.சி.யிலேயே நின்றோம். 1972இல் கெசல் என்ற பெயரில் ஹெரால்டைக் கொஞ்சம் மாற்றி வெளியிட்டார்கள். அதில் முக்கியமான மாற்றம் பின்பக்கம்தான். நம் மெக்கானிக்குகளுக்கும் உரிமையாளர்களுக்கும் பிடிக்காத அந்த மடங்கும் ஆக்சிலைத் தூக்கிவிட்டு, முழு நீள ஆக்சில் ஹவுசிங் போட்டார்கள். சரியான முடிவுதான், பத்து வருடம் தாமதமாக வந்தது. 1977இல் கெசல் நின்றது. 1985இல் ரோவர் உடலுக்குள் பழைய இரண்டு லிட்டர் இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு கார் வந்தது. அதைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. 1988இல் கார் உற்பத்தியே நின்றது. ஸ்டாண்டர்ட் என்ற பெயரை இங்கிலாந்து 1963லேயே கைவிட்டுவிட்டது. வண்டலூர்தான் அதற்குக் கால் நூற்றாண்டு கூடுதல் ஆயுள் கொடுத்தது.

கடைசியாக ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சி, ஆத்தூர் பக்கம் பழைய வீட்டுக் கொட்டகையில் யாரிடமாவது ஹெரால்ட் நின்றால், முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் மரை போட்ட ஒரு பித்தளைக் கட்டை இருக்கும். சக்கரம் திரும்புவதே அதன்மேல்தான். கிரீஸ் கன்னைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு அதில் ஒரு குத்துக் குத்தத் தோன்றும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் சரியாக இறங்காது. காய்ந்து இறுகி, ஒருநாள் தண்டே ஒடிந்து சக்கரம் படுத்துவிடும். அதற்குக் கியர் ஆயில்தான் விடவேண்டும். பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால், ஆயில் விட்டு ஒருமுறை ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள்.