வெட்டி எடுக்கக்கூடிய காட்சி: லீனா ஹார்னும் 'பனாமா ஹாட்டி'யும்



ஒரு நினைவுச் சொற்பொழிவில் ஹாலிவுட் இசை நகைச்சுவைப் படத்துக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஒதுக்குதல் எப்படி இயங்குகிறது என்பதைப் பல சமூகவியல் நூல்களைவிட இந்தப் படம் எனக்குத் தெளிவாகக் காட்டியது. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

படத்தின் பெயர் 'பனாமா ஹாட்டி'. கோல் போர்ட்டரின் பாடல்களோடு 1940இல் பிராட்வே மேடையேறி வெற்றி பெற்ற இசை நாடகத்தை, 1942இல் எம்ஜிஎம் நிறுவனம் படமாக்கி வெளியிட்டது. பனாமாவில் ஓர் இரவு விடுதிப் பாடகி. அவளுக்கு வசதியான குடும்பத்து ஆண் ஒருவர் மீது காதல். அவருக்கு முந்தைய மணத்தில் பிறந்த ஒரு சிறுமி இருக்கிறாள். இவர்களுக்கு நடுவே மூன்று மாலுமிகள் கோமாளித்தனம் செய்து உளவாளிகளைப் பிடிக்கிறார்கள். ஆன் சதர்னும் ரெட் ஸ்கெல்டனும் முதன்மை நடிகர்கள். கதை இவ்வளவுதான்.

இதற்கிடையே 25 வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர் விடுதியில் தோன்றிப் பாடிவிட்டுப் போகிறார். அவர்தான் லீனா ஹார்ன். எம்ஜிஎம்மில் அவருடைய முதல் படம் இது. கதையின் போக்கில் அவருக்குப் பங்கே கிடையாது. அவர் வரும் பகுதியைக் கத்தரித்துவிட்டாலும் கதை ஓர் இடத்திலும் அறுபடாது.

இது தற்செயலாக நடந்ததல்ல. அமெரிக்கத் தென் மாநிலங்களில், வேலைக்காரராக அல்லாமல் மதிப்போடு தோன்றும் கறுப்பினத்தவரைத் திரையில் காட்ட அரங்க உரிமையாளர்களும் உள்ளூர்த் தணிக்கையாளர்களும் மறுத்தார்கள். மெம்பிஸ் நகரத் தணிக்கைக் குழுத் தலைவர் லாய்ட் பின்ஃபோர்ட், கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் இருப்பதைக் காட்டிய 'கர்லி' என்ற படத்தை 1947இல் தடை செய்தவர். ஸ்டுடியோக்கள் இவர்களோடு மோதவில்லை. எளிதாக வெட்டி எடுக்கும்படி கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களைத் தனியாகப் படமாக்கின. வடக்கில் காட்டவும் முடிந்தது, தெற்கில் மறைக்கவும் முடிந்தது. இரண்டு பக்கமும் வசூலுக்குக் குறைவில்லை.

கதை நடக்கும் இடத்தையும் பாருங்கள். பனாமா கால்வாயைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் பார்படாஸ் முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். அமெரிக்கர் தோண்டிய காலத்தில் அதிகாரபூர்வக் கணக்கின்படியே 5,609 பேர் இறந்தார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் இந்தத் தீவினர்தான். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் 'தங்கப் பட்டியலில்' சம்பளம், கறுப்பினத்தவருக்கு 'வெள்ளிப் பட்டியலில்' சம்பளம். குடிநீர்க் குழாய், கழிப்பறை, அஞ்சலகச் சாளரம், கடை எல்லாவற்றிலும் இதே பிரிவினை இருந்தது. நிறத்தைச் சொல்லாமல் உலோகத்தைச் சொன்னார்கள். இரட்டைக் குவளையை அறிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. படம் வெளியான ஆண்டிலும் இந்த ஏற்பாடு நீடித்தது. ஆனால் அந்த மண்ணில் நடக்கும் கதையில் அந்தத் தொழிலாளிக்கு இடம் இல்லை.

ஹார்னுக்கு இது புதிதல்ல. 1933இல், 16 வயதில், நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த காட்டன் கிளப்பில் நடனக் குழுவில் சேர்ந்தவர் அவர். குத்துச்சண்டை வீரர் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பினத்தவர் தொடங்கிய விடுதி, வெள்ளைத் தாதா ஓனி மேடனின் கைக்குப் போய் காட்டன் கிளப் ஆனது. மேடையிலும் பரிமாறும் வேலையிலும் கறுப்பினத்தவர், மேசைகளில் வெள்ளையர். சொந்தப் பகுதியிலேயே கறுப்பினத்தவர் வாடிக்கையாளராக நுழைய முடியாது. நடனப் பெண்களிலும் வெளிர் நிறத்தவரையே தேர்ந்தெடுத்தார்கள். எலிங்டனின் இசை அவர்களுக்கு வேண்டும், எலிங்டனின் மக்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரக் கூடாது.

1942இல் கறுப்பினத்தவர் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட், ஸ்டுடியோ முதலாளிகளைச் சந்தித்துக் கறுப்பினப் பாத்திரங்கள் மாற வேண்டும் என்று வாதாடினார். அந்தச் சூழலில்தான் ஹார்ன் எம்ஜிஎம்முடன் நீண்டகால ஒப்பந்தம் செய்தார். வேலைக்காரியாக நடிக்க மறுத்தார். லத்தீன் அமெரிக்கப் பெண் என்று சொல்லிக்கொள்ளும் யோசனை வந்தபோது அதையும் மறுத்தார். பணிப்பெண்ணாக ஆகாதவரை ஸ்டுடியோ தூணோரம் நிற்கவைத்துப் பாடவைத்தது.

1943இல் 'கேபின் இன் த ஸ்கை', 'ஸ்டார்மி வெதர்' என்ற இரு படங்களில் அவருக்கு முழுப் பாத்திரம் கிடைத்தது. இரண்டிலும் நடிகர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். வெட்டி எடுக்கக்கூடிய காட்சி, இல்லாவிட்டால் தனிப் படம். ஊருக்குள் ஒரு மூலை, இல்லாவிட்டால் தனிச் சேரி. ஒரே கதையில் எல்லோரோடும் சமமாக வாழ இடம் இல்லை. 'ஷோ போட்' கதையில் வரும் கலப்பினப் பெண் ஜூலியாக, 1946இல் வேறொரு படத்தின் ஒரு சிறு பகுதியில் ஹார்ன் தோன்றிப் பாடினார். 1951இல் அந்தக் கதை முழுப் படமானபோது அதே பாத்திரம் வெள்ளை நடிகை ஏவா கார்ட்னருக்குப் போனது.

ஹார்ன் இதோடு அடங்கிவிடவில்லை. போர்க்காலப் படைமுகாம் ஒன்றில், ஜெர்மானியப் போர்க் கைதிகளை முன்வரிசையிலும் கறுப்பினப் படைவீரர்களைப் பின்வரிசையிலும் உட்காரவைத்திருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கிப் பின்வரிசைக்கு நடந்து போய்த் தன் மக்களைப் பார்த்துப் பாடியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1950இல் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் என்று குற்றம்சாட்டி வெளியான பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. 1963 வாஷிங்டன் பேரணியில் கலந்துகொண்டார்.

மாணவத் தோழர்களே, அண்ணல் அம்பேத்கர் 1946இல் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. அவைக்குக் கறுப்பினத்தவர் தயாரித்த மனுவின் படிகளைக் கேட்டார். கறுப்பினத்தவரின் நிலையைக் கற்பது தேவை என்று அவர் கருதினார். ஹார்னின் வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. நமக்கு இடம் தரவில்லையே என்று கேட்பது முதல் கேள்வி. தந்த இடம் எப்படிப்பட்டது என்பது அடுத்த கேள்வி. பாடத்திட்டத்தில் ஒரு அலகு, மாநாட்டில் ஒரு அமர்வு, தொகுப்பில் ஒரு கதை, கட்சிக் குழுவில் ஒரு ஆள் என்று தரும்போது, நம்மை எடுத்துவிட்டால் மீதிக் கதை அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், கத்தரிக்கோல் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. கிடைத்த மேடையை விட வேண்டாம், ஹார்னும் விடவில்லை. ஆனால் கதையை எழுதும் மேசையிலும் நமக்கு நாற்காலி வேண்டும் என்று கேட்போம்.

ஜெய்பீம்.