துணியும் துணிவும்: தாமே கட்டிய விமானங்களின் வரலாறு

இந்திய வான்பயண வரலாற்றில் முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கவருள் ஒருவர், சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் என்னும் கார்சிகத் தீவினர் ஆவார். 1909இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த செய்தியால் தூண்டப்பெற்ற இவர், தாமே வகுத்த திட்டப்படி சிம்சன் நிறுவனத்தாரைக் கொண்டு ஒரு விமானத்தைக் கட்டுவித்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார் என்று சென்னை நகர வரலாற்றை எழுதியோர் குறிப்பர். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு ஆன்றி பெக்கே அஞ்சல் மூட்டையுடன் பறந்தது பரவலாக அறியப்பட்டிருக்க, அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முந்தைய இம்முயற்சி ஓரத்தில் ஒதுங்கிவிட்டது வியப்புக்குரியதே. சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிகள் செய்வதில் பெயர்பெற்றது. 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவிக் கார் ஒன்றையும் உருவாக்கியிருந்தார். மரத்தை வளைப்பதும் இணைப்பதும் அதன் மேல் துணியை இழுத்துக் கட்டுவதும் அறிந்த வண்டிப் பட்டறையே அக்காலத்தில் விமானம் கட்டுவதற்கு ஏற்ற இடமாக இருந்தது.

அன்றைய விமானங்களில் பெரும்பாலானவை மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தப்பட்டவை. ஆகவே அவற்றின் பாதுகாப்பு பற்றிய கேள்வியில் பாதி, துணியைப் பற்றிய கேள்வியாகும். ஆளிச்செடியின் நாரால் நெய்த லினன் துணியே முதலில் பயன்பட்டது. முதல் உலகப்போர்க் காலத்தில் அதற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மெர்சரைஸ் செய்த பருத்தித் துணி, அதாவது காஸ்டிக் சோடாக் கரைசலில் இழுவிசையுடன் முக்கியெடுத்து வலுவும் பளபளப்பும் ஏற்றிய துணி, அவ்விடத்தைப் பிடித்தது. சட்டத்தில் போர்த்திய துணியின் மேல் ‘டோப்’ எனப்படும் செல்லுலோஸ் கரைசலைப் பல பூச்சாகப் பூசுவர். அது உலரும்போது துணியைச் சுருக்கி மத்தளத் தோல்போல் விறைப்பாக்கும். தொடக்ககால டோப், செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனதால் எளிதில் தீப்பற்றியது. வெயிலின் புறஊதாக் கதிரோ பருத்தி இழையைச் சிறிதுசிறிதாக மடியச் செய்தது. அதைத் தடுக்க அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு வந்தது. ஓரங்குல அகலத் துண்டு புதிதாக இருக்கையில் 80 பவுண்டு இழுவையைத் தாங்கவேண்டும் என்றும், பயன்பாட்டில் அது 56 பவுண்டுக்குக் குறைந்தால் துணி முழுவதையும் உரித்து மாற்றவேண்டும் என்றும் அமெரிக்காவில் விதி வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் இஸ்திரிப் பெட்டியின் சூட்டிலேயே சுருங்கி இறுகும் பாலியெஸ்டர் வந்தபோதிலும், வெயில் மட்டும் அதையும் விட்டுவைக்கவில்லை.

எனினும் துணி கிழிந்து இறந்தோரைவிட, வடிவமைப்பிலேயே மறைந்திருந்த பிழையால் இறந்தோரின் கதையே மிகுந்த பாடம் உடையது. பிரான்சைச் சேர்ந்த ஆன்றி மின்யே, 1933இல் மோட்டார் சைக்கிள் எஞ்சின் பொருத்திய மிகச்சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டு, மறு ஆண்டே அதைக் கட்டும் முறையை நூலாக வெளியிட்டார். ‘வானப் பேன்’ என்று அவர் பெயரிட்டதை ஆங்கிலேயர் ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்றனர். மரவேலை தெரிந்தவர்கள் பிரான்சிலும் பிரிட்டனிலும் கூட்டங்கூட்டமாக அதைக் கட்டலாயினர், விபத்துகளும் தொடர்ந்தன. முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில், அதாவது பெருவிசிறியால் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடத்தில், வைத்து ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. முன் இறக்கையும் பின் இறக்கையும் மிக நெருங்கியிருந்தமையால், மூக்கு ஓரளவுக்கு மேல் கவிழ்ந்துவிட்டால் அவற்றின் இடைவெளியில் பாயும் காற்று பின் இறக்கையை மேலும் தூக்க, விமானி எவ்வளவு இழுத்தாலும் மூக்கு நிமிராது. எத்தனை நேர்த்தியாக ஆணியடித்து ஒட்டியிருந்தாலும் இப்பிழை கட்டியவர் கண்ணுக்குத் தென்பட்டிருக்காது. மின்யே பின்னர் வடிவத்தைத் திருத்திக்கொண்டார். தெள்ளுப்பூச்சியின் புகழ் மட்டும் மீளவில்லை.

பிற்கால நிலையை அளக்க அமெரிக்கப் புள்ளிவிவரமே உதவுகிறது. அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, விமானக் கம்பெனிச் சேவை சாராத பொதுவகை விமானங்களுள் ஏறத்தாழ 10 விழுக்காடே தாமே கட்டியவை. ஆனால் 2011இல் அவ்வகையில் நேர்ந்த விபத்துகளில் சுமார் 15 விழுக்காடும், உயிரிழப்பு விபத்துகளில் 21 விழுக்காடும் அவற்றுக்குரியவை. எஞ்சின் நின்றுபோதலும், பறக்கையில் விமானி கட்டுப்பாட்டை இழத்தலும் முதன்மைக் காரணங்களாகக் காணப்பட்டன. கட்டி முடித்த தொடக்க நாள்களும், பழைய விமானத்தை ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்கிய தொடக்க நாள்களும் மிகவும் ஆபத்தானவை என்பதும் தெரியவந்தது. கட்டியவருக்கு விமானத்தின் மேலுள்ள பாசமே அதன் குறையை மறைக்கும் திரையாகிவிடுகிறது போலும்.

ஆயினும் இவ்வகை விமானங்களை விளையாட்டுப் பொருளென ஒதுக்குதல் பொருந்தாது. அமெரிக்கரான பர்ட் ருட்டான், வீட்டில் கட்டுவோருக்கென வகுத்த லாங்-ஈசி என்னும் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டே பெங்களூருத் தேசிய வான்வெளி ஆய்வகம் ஓர் ஆய்வு விமானத்தைக் கட்டி 1987இல் பறக்கவிட்டது. கண்ணாடி இழைக் கூட்டுப்பொருளைக் கையாளும் திறனை அவ்வழியே வளர்த்துக்கொண்டது. இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த, கேட்கவும் பேசவும் இயலாத சஜி தாமஸ் கட்டிய இரண்டு இருக்கைச் சிறுவிமானம், 2014இல் திருநெல்வேலிப் பகுதியின் மணிமுத்தாற்றில் பறந்தது. அன்று அதை ஓட்டியவர் கட்டியவர் அல்லர், ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி. பாதுகாப்பு நோக்கில் இதனினும் சரியான முடிவு வேறில்லை. மும்பை காந்திவலியில் மொட்டைமாடியிலேயே ஆறு இருக்கை விமானம் கட்டிய விமானி அமோல் யாதவுக்கு 2017இல் பதிவெண் கிடைத்தது. பறக்க அனுமதி 2019 அக்டோபரில்தான் வந்தது, அதுவும் சோதனைப் பறத்தலுக்கு மட்டும்.