பதினெட்டுக்கு முன் தாய்மை: அவசர நிக்காஹ் தீர்வாகுமா?

"பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள், நல்ல இடம் வந்திருக்கிறது, முடித்துவிடலாம்" என்ற பேச்சு நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அப்படி முடித்துவைக்கப்படும் பிள்ளையிடம் அடுத்த சில மாதங்களிலேயே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்குகிறோம். பதினாறு, பதினேழு வயதில் ஒரு பெண் தாயாவது அவள் எடுத்த முடிவாக இருப்பது அரிது. பெரும்பாலும் அவளைச் சுற்றியிருப்பவர்கள் எடுத்த முடிவு அது. எனவே இந்தக் கட்டுரை பெற்றோருக்கும், மாமனார் மாமியாருக்கும், ஜமாஅத் நிர்வாகிகளுக்கும், நிக்காஹ் நடத்திவைக்கும் நம் போன்ற ஆலிம்களுக்கும் உரியது.

எங்கிருந்து வருகிறது அவசரம்?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை, கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற பகுதிகளில் வாழும் குடும்பங்களின் நிலையை எடுத்துக்கொள்வோம். அத்தாவுக்கு ஷிப்ட் வேலை. பல வீடுகளில் அம்மாவும் வேலைக்குப் போகிறார். சொந்த ஊரில் இருந்தால் நன்னியோ சாச்சியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்கள். இங்கே வாடகை வீடு, அக்கம்பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை மாலை முழுவதும் தனியாக, கையில் செல்போனோடு இருக்கிறாள். பெற்றோரின் பயம் நியாயமானது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

அந்தப் பயத்தோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன. வயது ஏற ஏற கைக்கூலி கூடிவிடும் என்ற கணக்கு. வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு இரண்டு மாத லீவுதான் என்ற நெருக்கடி. கண் மூடுவதற்குள் பேத்தியின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்ற பெரியவர்களின் ஆசை. சில வேளைகளில் பிள்ளை யாருடனோ பேசுகிறாள் என்று தெரிந்ததும், செய்தி வெளியே போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற பதற்றம். இவற்றில் எதுவுமே அந்தப் பெண் மனைவியாகவும் தாயாகவும் வாழத் தயாராக இருக்கிறாளா என்ற கேள்வியிலிருந்து வருவதில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள். முந்தைய ஆய்வில் இது 16.3 சதவீதமாக இருந்தது. குறைந்திருப்பது நல்ல செய்தி. ஆனால் ஆய்வின்போது 15 முதல் 19 வயதுக்குள் தாயாகிவிட்ட அல்லது கர்ப்பமாக இருந்த பெண்கள் 5 சதவீதத்திலிருந்து 6.3 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். இதில் 18, 19 வயதினரும் அடங்குவர். இவை எல்லாச் சமூகத்தாரையும் சேர்த்த எண்கள். ஆகவே இதை ஒரு சமுதாயத்தின் மேல் மட்டும் சுமத்தவும் முடியாது, நமக்கு இதில் பங்கில்லை என்று ஒதுங்கவும் முடியாது.

உடல் தாங்குமா?

20 முதல் 24 வயதுப் பெண்களோடு ஒப்பிடும்போது, 19 வயதுக்கு உட்பட்ட தாய்மார்களுக்குக் கர்ப்பகால ரத்தக் கொதிப்பால் வரும் வலிப்பு நோயும், பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் ஏற்படும் கிருமித் தொற்றும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் எடை குறைந்தும், குறை மாதத்திலும் பிறக்கும் வாய்ப்பு கூடுதல். இதோடு ரத்த சோகையும் சேர்கிறது. மேற்சொன்ன ஆய்வில் இந்திய அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருந்தது. தன் வளர்ச்சிக்கே ரத்தம் போதாத உடலிடம் இன்னோர் உயிரையும் வளர்க்கச் சொல்கிறோம்.

"அந்தக் காலத்தில் எங்கள் பாட்டி பதினாலு வயதில் பெற்றாள்" என்பார்கள். உண்மைதான். அந்தக் காலத்தில் பிரசவத்தில் மௌத்தானவர்களின் கதையையும் அதே வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

மார்க்கத்தில் புலூக் மட்டும்தானா அளவுகோல்?

பருவமடைதலே திருமணத்துக்குப் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசுகிறது. திருமண வயதை அடைந்த பிறகும் அவர்களிடம் ருஷ்த், அதாவது நிதானமும் பகுத்தறிவும், தென்படுகிறதா என்று பார்த்த பின்னரே சொத்தை ஒப்படைக்கச் சொல்கிறது. சொத்துக்கே இந்த நிபந்தனை என்றால் ஒரு வாழ்க்கையை ஒப்படைப்பதற்கு?

இது இன்றைய நாகரிகத்துக்காகச் சொல்லப்படும் புது வாதம் அல்ல. ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் சிறு வயது நிக்காஹ் செல்லும் என்றே கூறினர். ஆனால் கூஃபாவின் காழியாக இருந்த இப்னு ஷுப்ருமா (ரஹ்) அவர்கள் சிறு பிள்ளைகளுக்குச் செய்துவைக்கும் நிக்காஹ் செல்லாது என்று கருதினார்கள். அந்தக் கருத்தை ஆதாரமாகக் கொண்டு உஸ்மானிய கிலாஃபத் 1917இல் கொண்டுவந்த குடும்பச் சட்டம், ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என வயதை நிர்ணயித்தது. இன்று மொராக்கோ, எகிப்து, ஜோர்டான் ஆகிய நாடுகளின் சட்டத்தில் பொது வயது 18. இந்தோனேசியா 2019இல் பெண்ணின் வயதை 16இலிருந்து 19ஆக உயர்த்தியது. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதை வைக்கவில்லை. அதைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை அங்குள்ள முஸ்லிம் பெண்களிடமிருந்தே பல்லாண்டுகளாக எழுந்துவருகிறது.

பெண்ணின் சம்மதம் இன்னொரு நிபந்தனை. தன் விருப்பமின்றித் தந்தை செய்துவைத்த திருமணத்தைப் பற்றி முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் நிக்காஹை நபி (ஸல்) அவர்கள் ரத்துச் செய்த செய்தி புகாரியில் இருக்கிறது. அத்தா முன்னால், மாமாக்கள் சூழ்ந்து நிற்க, அழுதுகொண்டே தலையாட்டும் பிள்ளையின் சம்மதத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள நமக்கு எப்படி மனம் வருகிறது?

நாட்டுச் சட்டம்

2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மீறினால் 18 வயதைக் கடந்த மணமகன், ஏற்பாடு செய்த பெற்றோர், நடத்திவைத்தவர் ஆகியோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இதில் அனுமதித்த குற்றத்துக்காகப் பெண்களுக்குச் சிறைத் தண்டனை இல்லை. இந்தச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2015இலும், கேரள உயர் நீதிமன்றம் 2024இலும் கூறியுள்ளன.

பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் 2022இல் 16 வயது முஸ்லிம் பெண்ணுக்குப் பாதுகாப்பு வழங்கியதையும், அதை எதிர்த்த தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் மனுவை உச்ச நீதிமன்றம் ஆகஸ்ட் 2025இல் தள்ளுபடி செய்ததையும் காட்டி "இனி தடையில்லை" என்கிறார்கள் சிலர். அது தவறு. ஆணையத்துக்கு அந்த வழக்கைத் தொடர உரிமையில்லை என்றுதான் நீதிமன்றம் கூறியது. திருமண வயதை அது மாற்றவில்லை.

அதைவிட முக்கியமானது போக்சோ சட்டம். 18 வயதுக்கு உட்பட்ட பெண்ணோடு உறவு கொள்வது, அவள் சம்மதித்தாலும், குற்றம். கணவன் என்பதால் விலக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபர் 11 அன்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் மனைவிக்கு 18 வயது என்றே சொல்கிறது. ஆகவே கர்ப்பம் தெரிந்த பிறகு அவசரமாக நிக்காஹ் செய்துவைத்தால் நடந்த குற்றம் இல்லாமல் போய்விடாது. முதல் வழக்கோடு குழந்தைத் திருமண வழக்கும் சேரும். மருமகன் என்று வந்தவர் சிறைக்குப் போக, பிள்ளை கைக்குழந்தையோடு தனியாக நிற்பாள்.

கர்ப்பம் உண்டாகிவிட்டால்

குடும்பங்கள் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்து வீட்டிலேயே மறைக்கிறார்கள், வயதைக் கூட்டிச் சொல்கிறார்கள், மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். மருத்துவர் தகவல் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது உண்மை. ஆனால் புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவமனையும் சொல்ல முடியாது. மறைப்பதால் வழக்கு தள்ளிப்போகலாம், வலிப்பும் ரத்தப்போக்கும் தள்ளிப்போகாது. எனவே:

1. முதல் வேலையாகப் பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். உண்மையான வயதைச் சொல்லுங்கள். வயது தெரிந்தால்தான் மருத்துவர் அதற்கேற்பக் கவனிப்பார்.

2. கருவைப் பற்றிய முடிவை மருத்துவரும், நம்பகமான ஆலிமும், அந்தப் பிள்ளையும் இல்லாமல் எடுக்காதீர்கள். சிறுமிகள் விஷயத்தில் சட்டம் 24 வாரம் வரை மருத்துவமனையில் அனுமதிக்கிறது. சம்மதத்தோடு நடந்த உறவாக இருந்து, பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளுடைய பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியது.

3. குழந்தையை ரகசியமாக யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அது குற்றம். வளர்க்க இயலாத நிலை என்றால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு.

4. ஏற்கெனவே நிக்காஹ் ஆகிவிட்ட பெண்ணுக்கும் உரிமைகள் உண்டு. அவள் 20 வயது நிறைவதற்குள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்யக் கோரலாம். ரத்தானாலும் குழந்தை சட்டப்படி முறையான வாரிசே. ஜீவனாம்சமும் கோரலாம்.

5. படிப்பை நிறுத்தாதீர்கள். பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் தனித்தேர்வராக எழுதலாம்.

6. மிரட்டலோ கட்டாயமோ இருந்தால் பிள்ளையே 1098 எண்ணுக்கு அழைக்கலாம். பெண்கள் உதவி எண் 181. திருமணத்தை நிறுத்த மாவட்ட சமூக நல அலுவலரை அணுகலாம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் பெறத் தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அதாவது உதவி மிகத் தேவைப்படும் இளம் தாய்க்கு அது கிடைக்காது. அந்த இடத்தை ஜமாஅத்தின் பைத்துல்மால் நிரப்பலாமே!

ஜமாஅத் என்ன செய்யலாம்?

பிறப்புச் சான்றிதழோ பள்ளி மாற்றுச் சான்றிதழோ பார்க்காமல் நிக்காஹ் தஃப்தரைத் திறப்பதில்லை என்று ஒவ்வொரு மஹல்லாவும் தீர்மானிக்கட்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி நம் திருமணங்களையும் அரசில் பதிய வேண்டியிருக்கிறது. அங்கே வயது தெரியத்தான் போகிறது. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் மதரஸாவிலோ பள்ளிவாசல் வளாகத்திலோ பாடம் படிக்க இடமும், பார்த்துக்கொள்ள ஓர் உஸ்தாதாவும் இருந்தால், அவசரக் கல்யாணத்துக்குச் சொல்லப்படும் பாதிக் காரணங்கள் போய்விடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை ஜும்ஆ பயானில் ஒரு முறை சொன்னாலும் பல வீடுகளுக்கு உதவும்.

தவறு நடந்த வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் என்ன சொல்லுமோ என்ற கவலை மர்யம் (அலை) அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் பரிசுத்தமானவர்கள், நாம் யாரையும் அவர்களோடு ஒப்பிடவில்லை. ஆனால் பிரசவ வேதனையில் தனித்திருந்த ஒரு பெண்ணுக்கு அல்லாஹ் முதலில் தந்தது எதை என்று மர்யம் அத்தியாயத்தில் பாருங்கள். கவலைப்படாதே என்ற ஆறுதல், குடிக்க நீர், உண்ணப் பேரீச்சம்பழம். ஊர் கேட்ட கேள்விகளுக்கான பதில் அதன் பிறகுதான் வந்தது. நம் வீட்டுப் பிள்ளை அந்த வேதனையில் இருக்கும்போதும் முதலில் செய்ய வேண்டியது அதுதான். விசாரணையும் கோபமும் காத்திருக்கட்டும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் ஈமானையும் மானத்தையும் உயிரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.