ஒரே ஆரணி, பல முகவரி: இணைய முகவரிகளில் ஒரு நெசவூரின் பெயர்

1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவின் படை வென்ற ஆரணிச் சண்டையை ஆங்கில வரலாற்று நூல்கள், கடைசியில் இரண்டு ‘இ’ போட்டு, ‘ஆர்னீ’ என்று எழுதுகின்றன. ரயில் நிலையப் பெயரில் அது ‘ஆர்னி ரோடு’. மக்களவைத் தொகுதிப் பட்டியலில் நடுவே ஓர் ‘ஏ’ சேர்ந்து ‘ஆரணி’. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஒரே பட்டு நெசவூருக்கு ரோமன் எழுத்தில் மூன்று வேடம். காகிதத்தில் இது பாதகமில்லை, படிப்பவர் புரிந்துகொள்வார். இணைய முகவரியிலோ ஓர் எழுத்து மாறினால் அது வேறு முகவரி. குறிகளும் எண்களும் இன்றிப் படிக்கக்கூடிய சொற்களால் ஆன ‘தூய முகவரி’யின் வரலாற்றைத் தொழில்நுட்ப வளர்ச்சியாகவே எழுதுவது வழக்கம். தமிழூர்களுக்கு அது எழுத்துக்கூட்டலின் வரலாறும்கூட.

முகவரிக்கான இலக்கணம் 1994 டிசம்பரில் வெளியானபோது அதில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகளுக்கு மட்டுமே இடமிருந்தது. தரவுத்தளத்திலிருந்து பக்கங்கள் உருவாகத் தொடங்கியதும், முகவரியில் கேள்விக்குறியும் வரிசை எண்ணுமாக நிறைந்தன. 1996இல் ரால்ஃப் எங்கெல்ஷால் அப்பாச்சி வழங்கிக்கு எழுதிய மாற்றியெழுதும் நிரல் அந்த எண்களை மறைத்துச் சொற்களை முன்னால் நிறுத்த வழிசெய்தது. இப்படி முகவரியில் வரும் சொற்றொடருக்கு ‘ஸ்லக்’ என்று பெயர். செய்தித்தாள் அலுவலகங்களில் ஒரு செய்திக்கு இடும் குறும்பெயர் அது. சொற்களை இடைக்கோட்டால் பிரிக்கச் சொல்கிறது கூகுள், அடிக்கோட்டால் அல்ல.

2005 ஜனவரியில் பிறமொழி எழுத்துகளுக்கும் முறையான விதி வந்தது. ஆனால் முகவரியில் தளப்பெயருக்குப் பின்வரும் பாதையில் எழுதும் தமிழ், உள்ளே சதவிகிதக் குறிகளாக மாறித்தான் பயணிக்கிறது. ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட்; பைட் ஒன்றுக்கு மூன்று எழுத்து. புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் கணக்கு. ஆகவே ‘ஆரணி’ என்ற மூன்றெழுத்து, நான்கு குறியீடாகி 36 எழுத்தாக நீள்கிறது. உலாவியில் தமிழாகத் தெரிவதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால், பெரும்பாலும் இந்த நீண்ட வடிவம்தான் வந்து விழுகிறது.

வலைத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஸ்லக்குக்கு ஒதுக்கும் இடம் 200 எழுத்து. ‘ஆரணி பட்டுப் புடவை நெசவாளர்’ என்று தலைப்பிட்டால், முகவரி ‘நெசவா’ என்ற இடத்தில் அறுந்துவிடும். ‘ளர்’ நுழைய இடமில்லை. அறுந்த இழையை முடிச்சுப் போட நெசவாளருக்குத் தெரியும். இந்த நிரலுக்குத் தெரியாது.

தளப்பெயரிலும் தமிழ் வந்துவிட்டது. ‘.இலங்கை’, ‘.இந்தியா’, ‘.சிங்கப்பூர்’ ஆகியவை 2010, 2011ஆம் ஆண்டுகளில் பதிவாயின. இருந்தும் புடவைக் கடையின் அச்சிட்ட அட்டையைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வாடிக்கையாளருக்கு ரோமன் எழுத்தே எளிது என்பது என் கணிப்பு. அங்கும் நிம்மதியில்லை. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி, சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றது. எழுத்துக்கூட்டல் தவிர இன்னொரு குழப்பமும் உண்டு: திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி இருப்பதால், வெறும் ஊர்ப்பெயரோடு நிற்காமல் ‘பட்டு’ என்ற சொல்லையும் முகவரியில் சேர்ப்பதே தேடுவோருக்கு உதவும்.

நல்ல முகவரி மாறாது என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே வலியுறுத்தினார். மூன்று எழுத்துக்கூட்டலில் எது சரி என்ற வழக்கை விட, ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடாதிருப்பது முக்கியம். மாற்றியே தீர வேண்டுமென்றால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பத்தை அமைத்துவிட்டு மாற்றுங்கள். ஏற்கெனவே விற்றுப்போன புடவைப் பெட்டிகளில் பழைய முகவரிதான் அச்சாகியிருக்கிறது.